சுண்ணம் விளையும் மண்ணில் மனையற்ற குடிகள்

அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடி மண்ணாகக் கிடந்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே அலைவீசிய கடலில் வாழ்ந்து மடிந்த சங்கும் சிப்பியும் படிந்து படிந்து சுண்ணக்கல்லாயின. அக்கல்லைத் தோண்டியே இன்று தளவாயிலும் ஆலத்தியூரிலும் கோவிந்தபுரத்திலும் இரெட்டிப்பாளையத்திலும் கீழப்பழுவூரிலும் ஆலைகள், சிமிட்டி என மக்கள் வழங்கும் பைஞ்சுதையை ஆக்குகின்றன. அரசின் ஆலையொன்றும் 1979 முதல் அரியலூரிலேயே இயங்கி வருகின்றது. பகலென்றும் இரவென்றும் பாராது மூட்டை ஏற்றிய சரக்குந்துகள் அவ்வூர்ச் சாலைகளைப் புழுதிக்காடாக்கிக்கொண்டு ஓடுகின்றன. சென்னையின் அடுக்கு மாடங்களிலும் கோவையின் மேம்பாலங்களிலும் அரியலூர்ச் சுண்ணம் இறுகிக் கிடக்கின்றது. ஆயின், ஆலைப் புகைபோக்கியினின்று கண்ணை இறக்கிப் பக்கத்துச் சிற்றூரை நோக்குவார் யாராயினும், அங்கே காண்பது பனையோலைக் கூரையும் கரும்புத்தோகைக் கூரையும் அவற்றின்மேல் விரித்துக் கல்வைத்து அழுத்திய நெகிழித் தாளுமே. நாட்டுக்கெல்லாம் வீடெழுப்பச் சுதை தந்த மண்ணின் மக்களுக்கு வீடில்லை. இந்நிலை எதனால் வந்தது, எத்துணைக் காலமாக இருக்கின்றது என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை காணாதவரை, எத்தனை வீட்டுத் திட்டங்களுக்கு எவ்வளவு பெரிய விழா எடுப்பினும் குடிசை குடிசையாகவே இருக்கும்.

முதற்கண், வீடிலி யாவன் என்பதிலேயே அரசின் கணக்குப் பிழைபடுகின்றது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கூரையுள்ள கட்டடம் எதிலும் வாழாது சாலையோரத்திலும் நடைமேடையிலும் பாலத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் கிடப்போரே வீடிலிகளாகக் கொள்ளப்பட்டனர். அவ்வாறு எண்ணியபோது இந்தியா முழுமையிலும் 17.7 இலக்கம் பேர் அகப்பட்டனர். அவருள் ஏறத்தாழச் செம்பாதியினர் சிற்றூர்ப் புறத்தினர். தமிழகத்தில் அகப்பட்டோர் 50 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர்; அவருள்ளும் மிகப் பலர் நகரத்தினர். அக்கணக்கை மட்டும் பார்ப்பவன், பெரம்பலூரிலும் அரியலூரிலும் வீடிலிகள் இல்லவே இல்லை என்று முடிவு கட்டிவிடுவான். அவ்விரு மாவட்டங்களின் மக்கள்தொகை 2011இல் முறையே 5,65,223உம் 7,54,894உம் ஆகும். பெரம்பலூரில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோரும் அரியலூரில் எண்பத்தெட்டுப் பேருக்கு மேலும் சிற்றூர்களில் வாழ்பவர். சிற்றூரில் நடைமேடை ஏது? ஆங்கே வீடற்றவன் தெருவில் கிடப்பதில்லை. ஏரிக்கரையில் நான்கு கழி நட்டு ஓலை வேய்ந்துகொள்கின்றான். அல்லது பண்ணையாரின் களத்து மூலையில் ஒரு குடிலில் அண்டிக் கிடக்கின்றான். அல்லது அண்ணன் வீட்டுத் திண்ணையில் மனைவி மக்களோடு ஒண்டுகின்றான். கூரை ஒன்று தலைக்குமேல் இருப்பதால் கணக்கில் அவன் வீடுடையவன். அக்கூரை எந்நாள் பிடுங்கப்படும் என்பதை அவன் அறியான். கணக்கெடுப்பவரும் அவனை அதுபற்றிக் கேளார். 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்போ 2027க்குத் தள்ளப்பட்டுவிட்டது. பதினாறாண்டுப் பழங்கணக்கை வைத்துக்கொண்டே திட்டங்கள் தீட்டப்படுகின்றன.

ஆங்கிலேயர் தம் நாட்டில் 1977ஆம் ஆண்டில் வீடிலிகளுக்கெனச் சட்டம் ஒன்று செய்துகொண்டனர். தான் குடியிருக்க *உரிமையுடைய* உறைவிடம் இல்லாதவன் எவனோ அவனே வீடிலி என அச்சட்டம் வரையறுத்தது. அங்கே கூரையன்று, உரிமையே அளவுகோல். அவ்வளவுகோலைக் கொண்டு பெரம்பலூரையும் அரியலூரையும் அளந்தால் வரும் தொகை, அரசு ஏடுகளில் உள்ள தொகையைப் போலச் சிறியதாக இராது.

தமிழில் இதற்கு வெளிநாட்டுச் சட்டம் தேவைப்படவில்லை என்பதே மொழியறிந்தார் வியத்தற்குரியது. ‘குடி’ என்னும் ஒரே சொல் உறைவிடத்தையும் குறிக்கும், குடும்பத்தையும் குறிக்கும், குலத்தையும் குறிக்கும், நாட்டு மக்களையும் குறிக்கும். குடில், குடிசை, குடியிருப்பு, குடிமை, குடிமகன் யாவும் அவ்வடியினின்று கிளைத்தவையே. இருக்க இடம் உடையவனே நாட்டின் உறுப்பினன் என்னும் கருத்து அச்சொல்லின் வேரிலேயே கிடக்கின்றது. குடியிருப்பற்றவனைக் குடிமகன் என்றழைப்பது தமிழில் முரண். சோழர் கல்வெட்டுகளில் ஊரின் நிலத்தைக் கணக்கிடுங்கால், ஊர்நத்தமும் கோயிலும் குளமும் வாய்க்காலும் சேரியும் சுடுகாடும் இறையிலி நிலமாக விலக்கி எழுதப்பட்டன. நத்தமாவது மக்கள் மனை வகுத்து வாழும் நிலம். அதற்கு இறை இல்லை. இறை கொடாத இன்னொரு வகை நிலத்துக்குப் பின்னாளில் வந்த பெயரே புறம்போக்கு. இறைக் கணக்கிற்குப் புறம்பாகப் போன நிலம் என்பதே அதன் பொருள். அந்நிலத்தில் வாழப் புகுந்த ஏழைமேல் அப்பெயரையே வசைச்சொல்லாக ஏற்றிவிட்டது இற்றைத் தமிழ்க் குமுகாயம். நிலத்தின் பெயர் மாந்தனைப் பழிக்கும் சொல்லாக மாறியமை ஒன்றே, மனையற்றவனை இந்நாடு எவ்வாறு மதிக்கின்றது என்பதைக் காட்டப் போதுமானது.

வீடின்மைக்கு முதற் கரணியம் வீடு கட்டப் பணமின்மை என்று பலரும் கருதுகின்றனர். அஃது இரண்டாவது கரணியமே. முதற் கரணியம் மனையின்மை. பண்ணை நிலத்தில் உழவுத் தொழிலாளி குடியிருந்தால், உழைப்பு நிற்கும் நாளில் குடியிருப்பும் நிற்கும். இக்கொடுமையை நீக்கவே 1971இல் தமிழக அரசு குடியிருப்புச் சட்டம் (40/1971) ஒன்றைக் கொண்டுவந்து, பிறர் நிலத்தில் குடியிருந்த உழவருக்கும் உழவுத் தொழிலாளிக்கும் அம்மனையை உரிமையாக்கிற்று. நல்ல சட்டமே. ஆயின், அதன்படி உரிமை கேட்டவன் மறுநாள் எந்நிலத்தில் கூலிக்குப் போவான் என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. கேட்கத் துணிந்தவன் பெற்றான். துணியாதவன் மகன் இன்றும் அதே களத்துமேட்டில் இருக்கின்றான். அதற்கும் முன்னரே, செங்கழுநீர்ப்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கையின் பயனாய் 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலங்கள் ஒதுக்கப்பட்டன. பஞ்சமி நிலம் எனப்பட்ட அவற்றைப் பிறருக்கு விற்றல் ஆகாது என்னும் கட்டோடு அவை தரப்பட்டிருந்தும், பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. 1978இல் ஒடுக்கப்பட்டோருக்கு மனை வழங்குதற்காகவே தனி நிலமெடுப்புச் சட்டம் (31/1978) இயற்றப்பட்டது. அதன்வழி எடுத்த நிலங்கள் பலவற்றில் மனைத்தாள் கொடுத்தனர். மனையை அளந்து எல்லைக்கல் நடவில்லை. மடித்த தாளைத் தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டு, தமக்குரிய மனை எதுவென்று அறியாமலே முதியோர் பலர் மாண்டனர்.

பெரம்பலூர் மக்களுள் நூற்றுக்கு முப்பதின் மேற்பட்டோரும் அரியலூர் மக்களுள் நாலில் ஒரு பங்கை நெருங்கியோரும் பட்டியல் இனத்தினர். ஊர் ஒருபுறம், சேரி ஒருபுறம் என்னும் பிரிவே அவர்களது மனையின் அளவையும் இடத்தையும் வரையறுக்கின்றது. ஒரு மனையில் பாட்டன் கட்டிய குடிசையைப் பேரன்மார் மூவர் பங்கிட்டுக்கொண்டால், ஒருவனுக்குக் கிடைப்பது கால் நீட்டிப் படுக்கும் இடமே. ஊர்ப் பக்கத்தில் நிலம் விலைக்கு வந்தாலும் அவனுக்கு விற்பார் இலர். இதைச் சொல்லுங்கால் இன்னொன்றையும் மறைத்தல் தகாது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாளன்று, அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் ஒடுக்கப்பட்ட மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. உடைத்தவனும் தமிழன், உடைபட்ட வீட்டில் நடுங்கி நின்றவனும் தமிழன். அவ்வீட்டு ஓடுகளை உடைக்க இந்தி வரவில்லை; தில்லியும் வரவில்லை. தமிழர் ஒருமைப்பாடு பேசும் மேடைகளில் பொன்பரப்பியின் பெயர் அடிக்கடி ஒலிக்க வேண்டும், ஒலிக்கக் காணோம்.

மனையுடையவனையும் மனையிலி ஆக்கிய வரலாறு இனி. செயங்கொண்டம் பகுதி நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கின்றது. அதைத் தோண்டி அனல்மின் நிலையம் அமைக்கப்போவதாகச் சொல்லி, 1996-97 முதல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகத்தின் வழியாக அரசு நிலமெடுத்தது. பதின்மூன்று சிற்றூர்களில் 8,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அவ்வாறு எடுக்கப்பட்டது. மிகக் குறைந்த இழப்பீடு தரப்பட்டமையால் உழவர் வழக்குமன்றம் ஏறினர். ஆண்டுகள் உருண்டன. சுரங்கம் தோண்டப்படவில்லை, மின் நிலையத்துக்கு ஒரு செங்கல்லும் வைக்கப்படவில்லை. நிலத்தில் உழவர் தொடர்ந்து உழுதனர். ஆயின் ஏட்டில் அந்நிலம் அவர்களுடையதன்று. விற்க இயலாது, அடைமானம் வைக்க இயலாது, வைப்பகத்தில் கடன் கேட்க இயலாது, மகளுக்குச் சீராகக் கொடுக்கவும் இயலாது. தன் நிலத்தில் தானே அயலானாய் வாழ்ந்த அந்நிலை ஓராண்டா, ஈராண்டா? கால் நூற்றாண்டு. நிலமெடுப்பு அறிவிப்பு வந்த நாளில் பிறந்த குழந்தை வளர்ந்து, மணந்து, தனக்கென ஒரு மனை கேட்கும் வயதை அடைந்த பின்னரே, 2021க்குப் பிந்திய ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டு, நிலத்தை உரியவர்க்கே மீட்டளிக்கும் முடிவு வந்தது. மீட்டளித்தல் நன்றே. வீணாய்ப்போன இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஈடு என்ன என்பதை எந்த ஆணையும் சொல்லவில்லை.

நிலமுடையவனாவது இழப்பீடு பெற்றான், வழக்கும் நடத்தினான். அந்நிலங்களில் கூலி வேலை செய்து, அவற்றின் ஓரத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவன் நிலை என்ன? 1894ஆம் ஆண்டின் ஆங்கிலேய நிலமெடுப்புச் சட்டம் நிலவுரிமை உடையவனையே கண்டது, உழைப்பவனைக் காணவில்லை. விடுதலைக்குப் பின்னரும் அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அச்சட்டமே ஆண்டது. நெய்வேலியில் 1950களில் சுரங்கம் தோண்டியபோது ஊரோடு பெயர்ந்த மக்களின் வழிவந்தோர் இன்றும் முறையிட்டுக்கொண்டிருப்பது அதனாலேயே. 2013இல் வந்த புதிய சட்டம் இக்குறையை ஓரளவு உணர்ந்தது. வீடிழந்தோர்க்கு வீடு தரவேண்டும். மனையே இல்லாதிருந்து, அறிவிப்புக்கு முன் மூன்றாண்டுகள் தொடர்ந்து அவ்விடத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கும் அந்நலன் உண்டு என அதன் இணைப்புப் பட்டியல் கூறுகின்றது. எடுத்த நிலத்தை ஐந்தாண்டுக்குள் பயன்படுத்தாவிடின் உரியவர்க்கோ அரசின் நிலவைப்பகத்துக்கோ திருப்ப வேண்டும் என்பதும் அதில் உண்டு. தமிழக அரசு என்ன செய்தது? நெடுஞ்சாலைக்கும் தொழிலுக்கும் நிலமெடுக்கும் தன் பழஞ்சட்டங்களை அப்புதுச் சட்டத்தின் பிடியினின்று விலக்கி வைத்துக்கொண்டது. 2019இல் சென்னை உயர் முறைமன்றம் அது செல்லாது என்றது. அரசு உடனே இன்னொரு சட்டம் இயற்றிப் பழையவற்றை உயிர்ப்பித்தது. 2021இல் உச்ச முறைமன்றம் அதை ஏற்றது. தில்லியின் சட்டத்தில் உள்ள நலனைத் தமிழனுக்குத் தராமல் தடுக்கத் தமிழக அரசே வழக்காடிய வேடிக்கை இது! மாநில உரிமை என்பது இதற்காகவா கேட்கப்பட்டது?

பெரம்பலூரிலும் இதே கதை வேறு வடிவில் நடந்தது. 2007-08 அளவில் சிறப்புப் பொருளியல் மண்டிலம் என்னும் பெயரில், திருமாந்துறையை ஒட்டிய ஊர்களில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் நிலம் ஒரு தனியார் குழுமத்தின் கைக்குச் சென்றது. வேலை கிடைக்கும், மனை கிடைக்கும் என்னும் சொற்களை நம்பி நிலத்தை விட்டவர்கள், பல்லாண்டு கழித்துக் கண்டது வெற்று முட்காட்டையே. சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்த நிலம் சீமைக்கருவேல் விளையும் நிலமாயிற்று. 2022 நவம்பரில் எறையூரில் சிப்காட்டுத் தொழிற்பூங்கா திறக்கப்பட்டுக் காலணித் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. செயங்கொண்டத்திலும் 2024இல் காலணித் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினர். வேலை வருவதை எவரும் வேண்டாவெனச் சொல்லார். தொழிற்சாலைக்கு நிலம் எடுக்கும்போதே தொழிலாளிக்கு மனை வகுக்கும் ஏற்பாடு எங்கே என்பதே வினா. அஃதில்லையேல், பக்கத்து ஊர்களில் வாடகைக் குடிசைகள் பெருகும், அவ்வளவே.

இனித் திட்டங்களைப் பார்ப்போம். 2010இல் 21 இலக்கம் குடிசைகளை ஆறாண்டுகளில் கற்காரை வீடுகளாக மாற்றும் திட்டத்தைக் கலைஞர் அரசு தொடங்கியது. 2011இல் ஆட்சி மாறியது. அத்திட்டம் நின்று, பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 2016இல் தில்லியின் திட்டம் வந்தது. 2024இல் கனவு இல்லம் திட்டம் வந்தது. 2030க்குள் எட்டு இலக்கம் வீடுகள், வீடொன்றுக்கு மூன்றரை இலக்கம் உருபா என்பது அதன் அளவு. முதலமைச்சர் மாறுந்தோறும் வீட்டின் முகப்பில் ஒட்டும் படமும் மாறுகின்றது; ஆட்சி மாற்றத்தின்போது பாதிச் சுவரோடு நின்றவனின் கணக்கை மட்டும் எந்த ஆட்சியும் தன் தலையில் ஏற்றுக்கொள்வதில்லை. எட்டு இலக்கம் குடிசைகள் 2024இலும் எஞ்சியிருப்பதாக அரசே ஒப்புகின்றது எனின், 2010இன் ஆறாண்டுக் கெடு என்னவாயிற்று?

தில்லித் திட்டத்தின் பெயரே ஒரு தனிக்கதை. பிரதான் மந்திரி ஆவாசு யோசனா! செந்துறைப் பக்கத்து முதியவள் ஒருத்திக்கு அப்பெயரில் ‘யோசனா’ என்னும் ஒன்றே காதில் விழும். வீடு தருவார்களா மாட்டார்களா என்று தில்லி இன்னும் ஆழ்ந்து எண்ணிக்கொண்டிருப்பதாக அவள் கொண்டால் அது பிழையுமன்று. பெயர் இந்தி, பணம் யாருடையது? 2016இல் வீடொன்றுக்கு 1.20 இலக்கம் உருபா என வரையறுத்து, அதில் நூற்றுக்கு அறுபது பங்கை, அஃதாவது 72,000 உருபாவை, தில்லி தருகின்றது. அத்தொகையில் கூரை வேய முடியாது என்பதால் தமிழக அரசு கற்காரைத் தளத்துக்கெனக் கூடுதல் தொகை சேர்த்து, பின்னர் அதை உயர்த்தி, மொத்தம் 2.40 இலக்கம் ஆக்கியது. ஆகவே, நூற்றுக்கு எழுபது பங்கு தமிழகத்தின் பணம். முப்பது பங்கு தில்லியின் பணம். அம்முப்பதும் தமிழரிடம் தண்டிய வரியே. ஆயினும் வீட்டுச் சுவரில் இந்திப் பெயரே தீட்டப்படுகின்றது. கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி 1964 சனவரி 25ஆம் நாள் திருச்சியில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தம்மைத் தீக்கு ஈந்தவர். அரியலூர் மண்ணின் மகன். அவர் ஊரைச் சுற்றிய சுவர்களில் இன்று இந்திப் பெயர் எழுதியிருக்கின்றது.

பெயரைக் காட்டிலும் கொடியது பணம் வரும் முறை. தொகை ஒரே தடவையில் வாராது. அடித்தளம் முடிந்தால் ஒரு பகுதி, சுவர் எழுந்தால் ஒரு பகுதி, தளம் போட்டால் ஒரு பகுதி, பூச்சு முடிந்தால் எஞ்சிய பகுதி எனத் தவணையாக வரும். ஒவ்வொரு நிலையையும் அலுவலர் வந்து படம் பிடித்துக் கணினியில் ஏற்ற வேண்டும். அடித்தளம் போடப் பணம் யார் தருவார்? வட்டிக்காரன் தருவான். கூலிக்காரனிடம் இரண்டாவது மனை இராது. ஆகலின் இருக்கும் குடிசையைப் பிரித்துவிட்டு அதே இடத்தில்தான் கட்ட வேண்டும். குடிசையைப் பிரித்த நாளிலிருந்து வீடு முடியும் நாள்வரை அக்குடும்பம் எங்கே இருக்கும்? மாட்டுக் கொட்டகையில், புளியமரத்தடியில், கோயில் மண்டபத்தில். தவணை தாழ்ந்தால் அக்காலம் நீளும். மழைக்காலத்துக்குமுன் முடியாது போனால் ஓராண்டு நீளும். வீடு தரும் திட்டமே ஒருவனை மெய்யான வீடிலி ஆக்கி வைக்கும் இக்காலத்தை எந்த அறிக்கையும் எண்ணிக் காட்டுவதில்லை. இடைக்கால உறைவிடத்துக்கென மாத வாடகைத் தொகை ஒன்றைத் திட்டச் செலவிலேயே சேர்ப்பதும், முதல் தவணையை அடித்தளத்துக்கு முன்னரே தருவதும் அரசுக்குப் பெரிய செலவல்ல.

இவ்வளவும் மனையுடையவனுக்கே. மனையுரிமைத் தாள் இல்லாதவனுக்கு எந்தத் திட்டத்தின் கதவும் திறவாது. ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கில் இருப்பவனுக்கு என்றுமே அத்தாள் கிடைக்காது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஏரிகளின் வன்கவர்வை அகற்றச் சொல்கின்றது. ஏரிகள் காக்கப்பட வேண்டியவையே. ஏரியில்லையேல் பெரம்பலூர் மேட்டு நிலத்தில் வாழ்வேயில்லை. ஆயின் ஏரியில் பல ஏக்கர் வளைத்து உழுபவனிடம் அறிவிப்பு நின்றுவிடுகின்றது. கரைமேல் அரைக் குழியில் இருப்பவனிடம் பொறிவண்டி வந்துவிடுகின்றது. மாற்று மனை அளந்து கொடுத்து, எல்லைக்கல் நட்டு, தண்ணீரும் விளக்கும் வந்த பின்னரே பழைய குடிசையில் கைவைக்க வேண்டும். உறைவிடம் வாழ்வுரிமையின் ஒரு கூறே என உச்ச முறைமன்றம் 1995இல் சமேலி சிங்கு வழக்கில் உரைத்துள்ளது. தெற்கே கொள்ளிடக் கரையில் வாழ்வோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 2018 ஆகத்தில் மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடம் பெருகியபோது கரையோர மக்கள் பள்ளிக்கூடங்களில் தங்கினர். நீர் வடிந்ததும் அதே தாழ்நிலத்துக்கே திரும்பினர். வேறிடம் ஏது?

வீடின்மை எத்துணைக் காலம் நீளக்கூடும் என்பதற்குப் பெரம்பலூர் துறைமங்கலத்திலேயே இன்னொரு சான்று உண்டு. ஈழத்தினின்று வந்த ஏதிலியர் அங்கே முகாமில் வாழ்கின்றனர். 1983இல் தொடங்கிய வருகை. நாற்பதாண்டு கடந்தும் தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. சில நாள் தங்கலுக்கெனப் போட்ட பத்தடி அறையில் மூன்று தலைமுறை பிறந்துவிட்டது. 2021இல் தமிழக அரசு அவற்றை மறுவாழ்வு முகாம் எனப் பெயர்மாற்றி 7,469 வீடுகள் கட்ட அறிவித்தது, கட்டியும் வருகின்றது. பாராட்டத்தக்க செயல். எனினும், குடியுரிமை இல்லாதவர்க்கு அவ்வீடு உரிமை வீடாகாது. இலங்கை மலையகத்திலோ, 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட தோட்டத் தமிழர் இன்றும் பெரும்பாலும் வெள்ளையன் கட்டிய வரிசை அறைகளிலேயே, மனையுரிமை இன்றி வாழ்கின்றனர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள்! துறைமங்கலத்து ஏதிலியும் செந்துறைக் களத்துமேட்டுக் கூலியும் நுவரெலியாத் தேயிலைத் தொழிலாளியும் ஒரே மொழி பேசுபவர். மூவருக்கும் தம் கால்படும் மண் தமதன்று.

மீண்டும் அரியலூர்ச் சுண்ணத்துக்கு வருவோம். 1836இல் ஆங்கிலேயர் அணைக்கரையில் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிற்கற்களைப் பெயர்த்துச் சென்றனர். சோழப் பேரரசின் தலைநகராய் இரண்டரை நூற்றாண்டு விளங்கிய ஊரின் கல் அவ்வாறு போயிற்று. இற்றை நாளில் போவது சுண்ணக்கல். சுரங்கத்துக்குப் பக்கத்து ஊர்களில் வெடியதிர்ச்சியால் சுவர் வெடிக்கின்றது என்பது மக்களின் நெடுநாள் முறையீடு. 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி சுரங்க உரிமையாளர்கள் அரசுக்குச் செலுத்தும் உரிமைத்தொகையோடு ஒரு பங்கை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் செலுத்த வேண்டும். அது சுரங்கத்தால் தாக்குற்ற மக்களுக்கே உரிய பணம். அரியலூர் மாவட்டத்தில் அப்பணத்தின் முதற் செலவு, சுரங்க ஊர்களின் மனையற்ற குடும்பங்களுக்கு மனை வாங்கித் தருவதாக இருத்தல் வேண்டும். அம்மாவட்டத்துக் குடிசை மாற்றும் வீடுகளுக்கு வேண்டும் பைஞ்சுதையை ஆலைகள் ஆக்கச் செலவுக்கே தரவேண்டும் என்பதும் அளவுமீறிய கோரிக்கையன்று. 2015இல் அரசு 190 உருபாவுக்கு மூட்டை விற்றுக் காட்டிற்று. 2021இல் ‘வலிமை’ என நல்ல தமிழ்ப்பெயர் சூட்டி அரசுப் பைஞ்சுதையை வெளியிட்டது. பெயரிலுள்ள வலிமை குடிசைக்காரன் சுவரிலும் ஏற வேண்டும்.

மொழி இயக்கத்தார்க்கு இதில் என்ன வேலை என்று கேட்பார் உளர். தாசில்தாரை வட்டாட்சியர் ஆக்கியதும், சமாபந்தியை வருவாய்த் தீர்வாயம் ஆக்கியதும் இயக்கத்தின் வெற்றியே. ஆயின் பலகை தமிழானபின், அப்பலகையின் கீழே தாளேந்தி நிற்பவன் நிற்கும் நேரம் குறைந்ததா? மனையுரிமை ஆவணங்களின் மொழி இன்றும் பட்டா, சிட்டா, அடங்கல், மேனுவல், தோராயம் எனக் கலவைக் காடாகவே கிடக்கின்றது. இணையவழி வேண்டுகைகளில் ஆங்கிலமும் சேர்ந்துவிட்டது. தன் மனையைப் பற்றி எழுதியதைத் தானே படித்தறிய இயலாதவன் இடைத்தரகனிடம் போகின்றான். தரகன் ஒருமுறைக்கு இவ்வளவு எனக் கூலி வைக்கின்றான். வேண்டுகை திரும்புந்தோறும் ஆண்டு ஒன்று கழிகின்றது. ஆவணத் தமிழ் என்பது புலவர் மேசையின் ஆய்வுப்பொருள் மட்டுமன்று. வீடின்மையின் கால அளவைக் குறைக்கும் கருவியும் ஆகும்.

ஆகவே பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்து இயக்க அன்பர்கள் உடனே செய்யத்தக்கது ஒன்று உண்டு. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அத்தோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களிலும் ஊரவைக் கூட்டம் நடைபெறும். அதற்கு முந்திய கிழமையிலேயே இருவர் இருவராகத் தம் ஊரின் ஏரிக்கரைக்கும் களத்துமேட்டுக்கும் சேரிக்கும் சென்று, மனையுரிமை இல்லாத ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும், எத்தனை ஆண்டுகளாக அவ்விடத்தில் வாழ்கின்றனர் என்பதையும், அந்நிலம் யாருடையது என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உரியவர் யார், மனைத்தாள் பெற்றும் மனை அளக்கப்படாதவர் யார், பாதிச் சுவரோடு நிற்பவர் யார் எனத் தனித்தனியே பிரித்தெழுதுதல் நலம். அப்பட்டியலைக் கூட்டத்தில் உரக்கப் படித்து, தீர்மானமாக நிறைவேற்றச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பின்னரே எழுந்து வரவேண்டும். முறையீடுகளை எளிய தமிழில் எழுதிக் கொடுக்கத் தமிழாசிரியர் ஒவ்வோர் ஊரிலும் உளர். கொடுக்கும் முறையீட்டின் படி ஒன்றில், பெற்றுக்கொண்டமைக்கு அலுவலரின் கையொப்பமும் நாளும் இட்டு வாங்கி, அப்படியை அந்தந்தக் குடும்பத்தாரிடமே ஒப்படைக்க வேண்டும்.